குடற்சுவரில் நிணநீர்ப்புற்று: நுணுக்குக்காட்டி தரும் சான்றுகள்

உடலைப் பற்றும் நோய்களுட் பல தம் வரவைத் தாமே அறிவிப்பன. காய்ச்சல் உடற்சூட்டால் அறியப்படும். என்புமுறிவு வீக்கத்தாலும் நோவாலும் அறியப்படும். வேறு சில நோய்களோ உடலில் இயல்பாகவே உறையும் ஒன்றன் வடிவினைத் தாங்கி, நெடுங்காலம் ஐயத்திற்கு இடந்தராது வளர்வன. உணவுக்கால்வாயில் தோன்றும் நிணநீர்ப்புற்று அவ்வகையினது. உடலைக் காக்கும் கலங்களே அந்நோயின் வித்தாக அமைதலின், காவலன் யார், கலகக்காரன் யார் எனப் பிரித்தறிதல் நோயியல் வல்லுநருக்கு அரிய சோதனையாகின்றது. அச்சோதனையில் அவர் துணைக்கொள்ளும் சான்றுகள் யாவை, அவை எவ்வாறு அறியப்பட்டன என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி ஆய்வுகூடத்தின் நான்கு சுவர்களுள் அடங்கிவிடுவதொன்றன்று. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியிலுள்ள பலாபத்வல போன்றதோர் ஊரில் வாழும் ஒருவர், ஆண்டுக்கணக்காக வயிற்றெரிவும் நோவும் உற்று, உடல் மெலிந்து, ஈற்றில் மருத்துவமனையை நாடினார் எனக் கொள்க. அவரது இரைப்பையிலிருந்து அரிசிமணியினுஞ் சிறிய துண்டுகள் சில எடுக்கப்படுகின்றன. அத்துண்டுகளை நோக்குவோர் ‘நாட்பட்ட அழற்சி’ என எழுதின் ஒரு வழி. ‘நிணநீர்ப்புற்று’ என எழுதின் மற்றொரு வழி. நிணநீர்ப்புற்றின் எவ்வகை என எழுதுவதைப் பொறுத்து மேலும் பல வழிகள். ஒருவர் இரு கிழமை மருந்துண்டு நலம்பெறுதலும், கடுமையான சிகிச்சைக்கு உட்படுதலும், காலந்தாழ்த்தி உயிரிழத்தலும் அச்சிறு துண்டின் வாசிப்பிற் பெரிதும் தங்கியுள்ளன.

குடலின் இயல்பான காவல்

நிணநீர்ப்புற்று என்பது நிணநீர்க்கலங்களிலிருந்து எழும் புற்றுநோய்கள் பலவற்றின் பொதுப்பெயர். 1832 இல் இலண்டன் மருத்துவரான தோமஸ் ஹொட்ஜ்கின் நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, வெறுங்கண்ணாற் கண்டவற்றை வெளியிட்டார். அவர் பெயர் தாங்கிய நோய் பெரும்பாலும் கணுக்களிலேயே தோன்றுவது. அதனின் வேறான ஏனைய நிணநீர்ப்புற்றுக்கள் கணுக்களுக்குப் புறம்பான உறுப்புக்களிலும் தோன்றும். அவ்வாறு தோன்றும் இடங்களுள் உணவுக்கால்வாய் முதலிடம் பெறுகின்றது.

இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. உணவோடு நாள்தோறும் எண்ணிறந்த பிறபொருள்களும் நுண்ணுயிர்களும் குடலைச் சேர்கின்றன. அவற்றை எதிர்கொள்ளும்பொருட்டுக் குடற்சுவர் எங்கணும் நிணநீர்க்கலங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. சுவரின் உட்புறத்தை மூடும் மேலணிக் கலங்களின் இடையிடையே சில உறைகின்றன. மேலணியின் கீழுள்ள தளர்ந்த தொடுப்பிழையத்தில் நிணநீர்க்கலங்களும், அவற்றினின்றும் முதிர்ந்து பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் பிளாசுமாக் கலங்களும் பரந்துள்ளன. சிறுகுடலின் கடைப்பகுதியில் அவை முடிச்சுக்களாகத் திரண்டு திட்டுக்களாக அமைகின்றன. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் கொன்ராட் பேயர் என்பார் 1677 இல் இவற்றை விவரித்தமையால், இவை இன்றும் பேயரின் திட்டுக்கள் எனப்படுகின்றன.

இம்முடிச்சுக்களின் அமைப்பினை அறிந்துகொள்ளுதல் பின்வருவனவற்றை விளங்கத் துணைபுரியும். நடுவே கலங்கள் பெருகும் முளைமையம். அதனைச் சூழ்ந்து சிறுகலங்கள் நெருங்கிய போர்வை வலயம். அதற்கும் புறத்தே சற்று வெளிறிய ஓரவலயம். இம்மூன்றும் தத்தம் எல்லையில் நிற்கும்வரை அங்கு ஒழுங்கு நிலவுகின்றது எனலாம்.

இரைப்பையின் நிலை வேறு. நலமுள்ள இரைப்பையின் சீதமென்சவ்வில் இத்தகைய முடிச்சுக்கள் காணப்படுவதில்லை. ஆயின் இரைப்பையிலும் நிணநீர்ப்புற்று தோன்றுகின்றது. பல நாடுகளில் உணவுக்கால்வாயின் ஏனைப் பகுதிகளிலும் பார்க்க இரைப்பையிலேயே மிகுதியாகத் தோன்றுகின்றது. விதையில்லாத நிலத்தில் விளைவு எங்ஙனம் வந்தது என்னும் இவ்வினாவே பின்னர் ஒரு பெருங் கண்டுபிடிப்புக்கு வாயிலாயிற்று.

துண்டு கண்ணாடித்தட்டை அடையும் வழி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை குடலின் உட்சுவரைக் காணுதற்கு வயிற்றைக் கீறவேண்டியிருந்தது. அன்றி, இறந்தபின் காணவேண்டியிருந்தது. 1957 இல் அமெரிக்கப் படைமருத்துவரான வில்லியம் குரொஸ்பி, ஹைன்ஸ் குக்லர் என்பாருடன் சேர்ந்து, நோயாளர் விழுங்கத்தக்க ஒரு சிறு கூட்டினை ஆக்கினார். மெல்லிய குழாயொன்றன் நுனியிற் பொருத்தப்பட்ட அக்கூடு சிறுகுடலை அடைந்ததும், உறிஞ்சலினால் இயங்கும் அலகு சவ்வின் ஒரு துணுக்கை வெட்டியெடுக்கும். 1954 இல் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் என்பாரும் பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் வளையத்தக்க கண்ணாடியிழைக் கற்றையினூடு உருவத்தைச் செலுத்தும் வகையை வெளியிட்டனர். அதன் வழிவந்த அகநோக்கிகளினால், இன்று மருத்துவர் புண்ணை நேரே நோக்கிக்கொண்டே துண்டெடுக்க இயலுகின்றது.

எடுத்த துண்டு போமலின் கரைசலில் இடப்பட்டு அழுகாது நிலைப்படுத்தப்படுகின்றது. பின்னர் மதுசாரத்தினால் நீர் அகற்றப்பட்டு, உருகிய பரபின் மெழுகில் அமிழ்த்தப்படுகின்றது. மெழுகு இறுகியதும் 3 முதல் 5 மைக்குரோமீற்றர் தடிப்புள்ள சீவல்களாக அது வெட்டப்படுகின்றது. நிறமற்ற அச்சீவல்களுக்கு ஈமட்டொக்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்கள் ஊட்டப்படுகின்றன. முன்னையது கலங்களின் கருவை நீலமாக்கும். பின்னையது குழியவுருவை இளஞ்சிவப்பாக்கும். இவ்விரு நிறங்களின் துணைகொண்டே முதல் வாசிப்பு நிகழ்கின்றது.

ஐயந்தரும் குறிகளும் உறுதிதரும் குறிகளும்

நிணநீர்க்கலங்கள் மிகுந்துள்ளன என்பதொன்றே புற்றுநோய்க்குச் சான்றாகாது. அழற்சியிலும் அவை மிகுதல் இயல்பே. எனவே வல்லுநர் எண்ணிக்கையோடு அமையாது, ஒழுங்கின் சிதைவினைத் தேடுகின்றார்.

முதலாவது குறி கலங்களின் ஒருமைப்பாடு. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவிற் கூடும் மக்கள்திரளை ஒருவர் உயரநின்று நோக்கின், முதியோரும் குழந்தைகளும், வணிகரும் தொழிலாளரும், பல நிற ஆடையினரும் விரவி நிற்றலைக் காண்பார். அணிவகுத்துச் செல்லும் படையை நோக்கின் ஒரே உடையும் ஒரே தோற்றமுமே காண்பார். அழற்சியிற் காணப்படும் கலத்திரள் முன்னதை ஒத்தது. அங்கே சிறுகலம், பெருங்கலம், பிளாசுமாக் கலம், ஏனைய வெண்குழியங்கள் யாவும் கலந்திருக்கும். நிணநீர்ப்புற்றுத் திரளோ பின்னதை ஒத்தது. இரைப்பையிற் பெரும்பான்மையாகத் தோன்றும் மெதுவளர்ச்சி வகையில், ஓரவலயக் கலங்களை ஒத்த சிறிய, சற்றே ஒழுங்கற்ற கருவும் வெளிறிய குழியவுருவும் உடைய கலங்கள், அடர்ந்த விரிப்பாக முடிச்சுக்களைச் சூழ்ந்து பரவிச் சவ்வை நிறைக்கின்றன. சிலவேளை முளைமையங்களினுள்ளும் அவை குடிபுகுகின்றன.

இரண்டாவது குறி சுரப்பிகளின் அழிவு. ஒன்றிரண்டு நிணநீர்க்கலங்கள் மேலணியினூடு திரிதல் இயல்பு. மூன்று அல்லது மேற்பட்டவை கூட்டமாகச் சுரப்பியின் சுவரினுட் புகுந்து, அதன் வட்ட வடிவைக் குலைத்து, மேலணிக் கலங்களைச் சிதைப்பின், அது பெரிதும் ஐயந்தருவதாம். சிதையும் அம்மேலணிக் கலங்கள் வீங்கி மிகு செந்நிறம் பெறுதலும் உண்டு. எனினும் கடுமையான அழற்சியிலும் இது சிறிதளவு காணப்படுதலின், இவ்வொன்றை மட்டும் கொண்டு முடிவுகூறுதல் தகாது.

மூன்றாவது குறி பிளாசுமாக் கலங்களில் உள்ளது. அவை சுரக்கும் புரதம் வெளியேறாது குழியவுருவிலே செந்நிற உருண்டைகளாகத் தேங்குதலை 1890 இல் வில்லியம் ரசல் கண்டார். இவ்வுருண்டைகள் நாட்பட்ட அழற்சியிலும் காணப்படுவன. அத்தகைய புரதத்திரள் கருவினுள்ளே கிடப்பதுபோலத் தோன்றுதல் வேறு. 1959 இல் டச்சர், ஃபாகி என்னும் இருவர் விவரித்த இத்தோற்றம், இரைப்பைத் துண்டிற் காணப்படின் நிணநீர்ப்புற்றின் பக்கமே நிறையைச் சாய்க்கின்றது.

நான்காவது சான்று கண்ணுக்கு நேரே புலப்படாதது. பிறபொருளெதிரியை ஆக்கும் கலம் ஒவ்வொன்றும் கப்பா, லாம்டா என்னும் இருவகை இலகுச் சங்கிலிகளுள் ஒன்றையே ஆக்கும். இயல்பான திரளில் கப்பா வகை ஏறத்தாழ இருமடங்காக இருக்கும். புற்றுநோய்த் திரளோ ஒரே கலத்தின் வழித்தோன்றலாதலின், அதன் கலங்கள் யாவும் ஒரே சங்கிலியைத் தாங்கும். 1975 இல் கோலர், மில்ஸ்டைன் என்போர் ஒரே தன்மைத்தான பிறபொருளெதிரிகளை வேண்டியவாறு பெறும் முறையைக் கண்டபின், இவ்வேறுபாட்டைச் சீவலிலேயே நிறமூட்டிக் காணுதல் எளிதாயிற்று. நிணநீர்க்கலங்களின் புறப்பரப்பிலுள்ள புரதங்களையும் அவ்வாறே இனங்காணலாம்.

இரைப்பை கற்பித்த பாடம்

1979 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நோயியல் வல்லுநர் ரொபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் துண்டொன்றன் மேற்பரப்பில் வளைந்த நுண்ணுயிர்கள் நிரல்பட ஒட்டியிருத்தலைக் கண்டார். இரைப்பையின் அமிலத்தில் எவ்வுயிரும் தங்காது என்பது அக்காலத்துக் கொள்கை. அவர் தம் கண்ணை நம்பினார். வெள்ளிச்சாயமூட்டி அவற்றை மேலுந் தெளிவாகக் காட்டினார். 1982 இல் பரி மார்ஷல் அவ்வுயிரை ஆய்வுகூடத்தில் வளர்த்தார். ஹெலிக்கோபற்றர் பைலோரி எனப் பின்னர் பெயர்பெற்ற அப்பற்றீரியா இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் காரணமென நிறுவப்பட்டது. இருவருக்கும் 2005 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கிடையே 1983 இல் பீற்றர் ஐசாக்சன், டெனிஸ் ரைற் ஆகிய இருவரும், உணவுக்கால்வாயில் தோன்றும் சில நிணநீர்ப்புற்றுக்கள் நிணநீர்க்கணுக்களின் அமைப்பை விடுத்து, பேயரின் திட்டுக்கள் போன்ற சீதமென்சவ்வு சார்ந்த நிணநீரிழையத்தின் அமைப்பையே பின்பற்றுகின்றன என எடுத்துக்காட்டினர். மோல்ற் என்னும் குறுக்கப்பெயரால் மருத்துவ உலகம் இவ்வகையை வழங்குகின்றது.

இவ்விரு கண்டுபிடிப்புக்களும் 1991 இல் ஒன்று சேர்ந்தன. வொதர்ஸ்பூன் என்பாரும் ஐசாக்சன் முதலிய துணைவரும் இரைப்பை நிணநீர்ப்புற்றுடைய 110 பேரின் இழையங்களை ஆராய்ந்து, 100 க்கு 92 விழுக்காட்டில் அப்பற்றீரியாவைக் கண்டனர். முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிட்டியது. பற்றீரியாவின் நெடுங்கால உறைவினால் இரைப்பையில் இல்லாதிருந்த நிணநீரிழையம் வந்து சேர்கின்றது. அவ்வந்தேறு இழையத்திலிருந்தே சிலருக்குப் புற்று முளைக்கின்றது. 1993 இல் அக்குழுவினர் மெதுவளர்ச்சி வகையுடைய ஆறு பேருக்கு நுண்ணுயிர்கொல்லிகளை மட்டும் அளித்துப் பற்றீரியாவை ஒழித்தபோது, ஐவரிடத்துப் புற்று பின்வாங்கியது. புற்றுநோயொன்று பற்றீரியாவை அழிக்கும் மருந்தினால் மறையக்கூடும் என்பது மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்திற்று.

அவ்வாண்டிலேயே வொதர்ஸ்பூன் குழுவினர் இரைப்பைத் துண்டுகளைச் சுழியம் முதல் 5 வரை தரப்படுத்தும் முறையையும் வகுத்தனர். சுழியம் இயல்பு நிலை. 1 உம் 2 உம் அழற்சி. 5 ஐயமற்ற நிணநீர்ப்புற்று. இடையிலுள்ள இரண்டுமே சிந்தித்தற்குரியன. 3 என்பது ‘ஐயத்துக்குரியது, பெரும்பாலும் அழற்சி’ எனவும், 4 என்பது ‘ஐயத்துக்குரியது, பெரும்பாலும் நிணநீர்ப்புற்று’ எனவும் பொருள்படும். அழற்சிக்கும் புற்றுக்கும் இடையே மதிலொன்று இல்லை, மெல்லச் சரியும் நிலமே உண்டு என்பதை இவ்விரு படிகளும் ஒப்புக்கொள்கின்றன.

எல்லாருக்கும் இம்மருந்து பயன்படும் எனக் கருதலாகாது. 11 ஆம், 18 ஆம் நிறமூர்த்தங்களின் துண்டங்கள் இடமாறிப் பொருந்திய புற்றுக்கள் பெரும்பாலும் நுண்ணுயிர்கொல்லிக்கு இணங்குவதில்லை. சிறுகலங்களின் நடுவே பெருங்கலங்கள் விரிப்பாகத் திரளுமாயின், நோய் விரைவளர்ச்சி வகையாக மாறிவிட்டது என்பது பொருள். அதற்குரிய சிகிச்சை வேறு. ஆதலின் துண்டில் பெருங்கலம் உண்டா, இல்லையா என்று தேடிக் கூறுதல் வல்லுநரின் கடமையாகின்றது.

சிறுகுடலும் வெப்பமண்டல வாழ்வும்

தென்னாசிய மக்களுக்குச் சிறுகுடலின் வரலாறு மேலும் நெருங்கியது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவிற் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர், தென்னிந்தியக் கிராமங்களிற் கொள்ளைநோய்போலப் பரவிய ஸ்புரூ என்னும் வயிற்றோட்ட நோயை 1960 களில் ஆராய்ந்தனர். அந்நோயாளரின் சடைமுளைகள் குறுகி, தொடுப்பிழையம் நிணநீர்க்கலங்களாலும் பிளாசுமாக் கலங்களாலும் நிறைந்திருந்தது. அதனினும் குறிப்பிடத்தக்கது யாதெனின், நோயெதுவுமின்றி வாழ்ந்த மக்களின் சடைமுளைகளும் மேனாட்டு நூல்கள் இயல்பெனக் கூறும் அளவினும் குறுகியும் அகன்றும், கலங்கள் மிகுந்தும் காணப்பட்டமையாகும். எனவே ‘இயல்பு’ என்னும் அளவுகோல் நிலத்துக்கேற்ப வேறுபடும். குளிர்நாட்டின் குடலை மாதிரியாகக் கொண்டு வெப்பநாட்டின் துண்டை வாசிப்போர் இல்லாத நோயைக் கண்டுவிடக்கூடும். உள்ள நோயை இயல்பெனத் தள்ளிவிடவும் கூடும்.

இப்பிழை எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்கு ஆல்பா சங்கிலி நோய் சான்று. 1968 இல் பாரிசு நகரில் மக்சீம் செலிக்மன் முதலியோர் இதனை விவரித்தனர். நடுநிலக்கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் மத்திய கிழக்கிலும், வறுமையும் தூய்மையற்ற நீரும் வாய்த்த இடங்களில், இளையோரை இது பெரிதும் பற்றியது. இந்தியாவிலும் இந்நோயாளர் பதிவாகியுள்ளனர். இங்குக் கலங்கள் குறைபட்ட கனச் சங்கிலியை மட்டும் ஆக்குகின்றன. இலகுச் சங்கிலியை ஆக்குவதில்லை. தொடக்கத்தில் சவ்வை நிறைப்பவை ஏறத்தாழ இயல்பான தோற்றமுடைய பிளாசுமாக் கலங்களே. வயிற்றோட்டமும் மெலிவும் ஸ்புரூவை ஒத்திருக்கும். காலஞ்செல்லச் செல்லக் கலங்கள் சவ்வின் கீழுள்ள படைகளுட் புகும். ஈற்றிற் பெருங்கலக் கட்டிகள் தோன்றும். தொடக்க நிலையில் தெத்திராசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்கொல்லி பயன்தரும். கடை நிலையில் அது போதாது. 2004 இல் பிரான்சிய ஆராய்ச்சியாளர் இந்நோயாளர் சிலரின் குடலிழையத்தில் கம்பைலோபற்றர் ஜெஜூனி என்னும் பற்றீரியாவின் சுவட்டைக் கண்டனர். இரைப்பை கற்பித்த பாடம் சிறுகுடலிலும் எதிரொலித்தது எனலாம்.

ஏனைய வகைகள்

பிற வகைகளும் தத்தம் முத்திரை உடையன. 1958 இல் டெனிஸ் பேர்க்கிற் ஆபிரிக்கச் சிறுவரிடத்து விவரித்த புற்று, குடலிற் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் எழும். ஒரே அளவான நீலக் கலங்களின் இடையே, இறந்த கலங்களை விழுங்கும் வெளிறிய பெருங்கலங்கள் புள்ளிகளாய்த் தோன்றுதலின், அது விண்மீன் பூத்த வானம் எனப்படும். ஏறக்குறைய எல்லாக் கலங்களும் பிரிந்து பெருகும் நிலையில் உள்ளமையை நிறமூட்டி அறியலாம். போர்வை வலயத்திலிருந்து எழும் வகை குடல் நெடுகச் சிறு மொட்டுக்களை உண்டாக்கும். அதன் கருக்களில் சைக்கிளின் டி1 என்னும் புரதம் காணப்படும். கோதுமைப் புரதத்தினால் விளையும் சீலியாக் நோயினரிடத்து நெடுங்காலத்தின்பின் வேறொருவகை தோன்றும். அங்குச் சடைமுளைகள் தேய்ந்து, மேலணியினூடே திரளும் ரீ வகைக் கலங்களே குற்றவாளிகள். சீலியாக் நோயோடு தொடர்பற்றதும் ஒரே சீரான கலங்களால் ஆயதுமான இன்னொரு வகை ஆசிய மக்களிடத்து மிகுதியாகக் காணப்படுகின்றது.

வாசிப்பின் எல்லைகள்

சான்றுகள் இத்துணை இருப்பினும் துண்டு சிறிது, உறுப்புப் பெரிது. இரைப்பைப் புற்று பல இடங்களில் விட்டுவிட்டுப் பரவும் இயல்பினது. ஒரேயொரு துண்டு நோயற்ற இடத்திலிருந்து வந்திருத்தலும் கூடும். ஆதலின் பல இடங்களிலிருந்து பல துண்டுகள் எடுத்தல் வேண்டும். இடுக்கியால் நசுங்கிய கலங்கள் வடிவிழந்து எவ்வாசிப்புக்கும் உதவாமற் போகும். சிகிச்சையின் பின்னரும் எச்சமாகச் சில கலத்திரள்கள் திங்கட்கணக்கில் நிற்றல் உண்டு. அவற்றைக் கண்டு சிகிச்சை பயனற்றதென விரைந்து முடிவுகட்டுதல் பொருந்தாது. மீண்டும் மீண்டும் துண்டெடுத்து, முன்னையதோடு ஒப்பிட்டு, பொறுமையோடு கண்காணித்தலே முறை.

துண்டோடு வரவேண்டியது மற்றொன்றும் உண்டு. அது நோயாளரின் வரலாறு. பலாபத்வலவிலிருந்து வந்த துண்டு மாத்தளையிலோ கண்டியிலோ வாசிக்கப்படும்போது, அதனை வாசிப்பவர் நோயாளரின் முகத்தைக் காண்பதில்லை. நோவு எத்தனை ஆண்டினது, எடை எவ்வளவு குறைந்தது, முன்னர் உண்ட மருந்து யாது, அகநோக்கியிற் புண் எவ்வாறு தோன்றியது என்பன சிறுதாளொன்றில் அவரை அடைதல் வேண்டும். அண்மையில் நுண்ணுயிர்கொல்லி உண்டவரின் இரைப்பையிற் பற்றீரியா காணப்படாதிருக்கலாம். அச்செய்தி எழுதப்படாவிடின், காரணமே இல்லையென வாசிப்பவர் எண்ணக்கூடும். எழுதப்படாத ஒரு வரியினால், மருந்தினால் மாறத்தக்க நோய்க்கு அம்மருந்தே மறுக்கப்படுதல் கூடும்.

இவற்றை நோக்குமிடத்து, நுணுக்குக்காட்டி தானே நோயைக் கூறுவதில்லை என்பதும், சான்றுகளை நிரல்படுத்தி நிறுத்துக் கூறுவது மனிதமதியே என்பதும் தெளிவாகும். வாரன் கண்ட பற்றீரியா அவருக்கு முன்னரும் எண்ணற்ற கண்ணாடித்தட்டுக்களிற் கிடந்ததே. அங்கு எதுவும் வாழாது என்னும் முன்முடிவு பலருடைய கண்ணை மறைத்தது. ஒரு குறியைக் கண்டதும் விரைந்து முடிவுகட்டாமலும், பல குறிகள் ஒருங்கு நிற்கையில் ஐயத்தின்பின் ஒளியாமலும், கண்டதைக் கண்டவாறு எழுதும் பயிற்சியே நோயியல் வல்லுநரின் தலையாய கருவி. அறிவியல் பயிலும் மாணவர் தம் முதல் நுணுக்குக்காட்டியின் முன்னே அமரும் நாளிலேயே அப்பயிற்சி தொடங்கிவிடுகின்றது. அதன் பயனைப் பின்னாளிற் பெறுவோர், அவர் ஒருபோதும் கண்டிராத நோயாளர் ஆவர்.